கட்டுமான இடத்தில் விபத்து நடந்தால் பொறுப்பு யாருடையது?

ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் தளத்துக்குக் கான்கிரீட் போடும்போதே, பிற்பாடு குழாய்கள் இறக்குவதற்காகச் சதுரமாக ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஓர் ஆள் உள்ளே போகிற அளவு. அதன் மேல் ஒரு பிளைவுட் பலகை கிடக்கிறது. ஆணி அடிக்கவில்லை, சும்மா போட்டு வைத்தது. காலையில் பிளம்பர் வந்து பலகையை நகர்த்தி அளவெடுக்கிறார், அப்படியே போய்விடுகிறார். மதியத்துக்கு மேல் தலையில் கலவைச் சட்டியோடு வந்த ஒரு சித்தாள் அந்த ஓட்டையில் கால் வைத்துக் கீழே விழுகிறார்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் அங்கே என்ன பேச்சு எழும் என்று யாரும் ஊகிக்கலாம். "பார்த்து வந்திருக்கக் கூடாதா?" என்பார் ஒருவர். "பிளம்பர்தான் பலகையை எடுத்தான்" என்பார் இன்னொருவர். மேஸ்திரி, "அந்தப் பிளம்பர் எங்கள் ஆள் இல்லை, வேறு காண்ட்ராக்டர் ஆள்" என்பார். கட்டடத்தின் உரிமையாளரோ, மொத்த வேலையையும் ஒப்பந்தத்துக்கு விட்டாயிற்று, எனக்கு என்ன தெரியும் என்று கேட்பார். தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் நியாயமாகத்தான் தோன்றும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், விழுந்தவரைத் தவிர வேறு யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடும்.

இன்றைய சட்டம் இதை இப்படிப் பார்ப்பதில்லை. கடைசியாகப் பலகையைத் தொட்டது யார் என்று கேட்பதோடு அது நின்றுவிடாது. அந்த ஓட்டை திறந்து கிடக்க முடியாதபடி செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று தேடிப் போகும். கட்டுமான விபத்தில் பொறுப்பு என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றவை அதிலிருந்து வந்துவிடும். சட்டப் பிரிவுகளும் தொகைகளும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் அவற்றுக்கு அடியில் இருக்கும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். விபத்துக்குப் பிறகு "யார் பொறுப்பு" என்று கேட்பவர்கள் உண்மையில் மூன்று வெவ்வேறு கேள்விகளைக் கலந்து கேட்கிறார்கள். அடிபட்டவருக்கும் குடும்பத்துக்கும் பணம் தர வேண்டியவர் யார்? அலட்சியத்துக்காகத் தண்டனை பெற வேண்டியவர் யார்? இது மறுபடி நடக்காமல் இருக்க எதை மாற்ற வேண்டும்? முதலாவது இழப்பீடு, இரண்டாவது குற்ற வழக்கு, மூன்றாவது பாதுகாப்பு விசாரணை. மூன்றும் தனித்தனிப் பாதை. ஒன்றில் தப்பியவர் இன்னொன்றில் மாட்டலாம். யார் மீதும் குற்றம் நிரூபணமாகாத விபத்துக்கும் இழப்பீடு கிடைக்கலாம். "வழக்குத் தள்ளுபடி ஆகிவிட்டது, இனி ஒன்றும் கிடைக்காது" என்று குடும்பங்கள் கைவிடுவது இந்த வித்தியாசம் தெரியாததால்தான்.

விழுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்

கட்டுமான இடங்களில் உயிர் போவது பெரும்பாலும் நான்கு வழிகளில். உயரத்திலிருந்து விழுவது, மேலிருந்து விழும் பொருளோ நகரும் வண்டியோ மோதுவது, மின்சாரம் தாக்குவது, மண்ணுக்கோ இயந்திரத்துக்கோ இடையில் சிக்கிக்கொள்வது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்புத் துறை இந்த நான்கையும் தனியாகப் பிரித்து வைத்துப் பயிற்சி தருகிறது. இவற்றில் முதலிடம் விழுவதற்குத்தான்.

ஒரு மாடி உயரம், அதாவது 3 மீட்டர், விழுந்து தரையைத் தொட முக்கால் விநாடிக்குச் சற்று மேல் ஆகும். தரையில் மோதும்போது வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர். முக்கால் விநாடியில் யாராலும் எதையும் யோசித்துப் பிடித்துக்கொள்ள முடியாது. "சமாளித்திருக்கலாம்" என்பது இந்தக் கணக்கு தெரியாமல் பேசும் பேச்சு. 20 மீட்டர் உயரத்திலிருந்து நழுவிய ஒரு போல்ட் கீழே வரும்போது மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும். சாரத்தின் பலகை ஓரத்தில் ஒரு சாண் உயரம்கூட இல்லாத சிறு தடுப்புப் பலகை அடிக்கச் சொல்வது அந்த போல்ட்டுக்காகத்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது எதற்கு என்றே தெரியாது.

மண் சரிவு இன்னும் ஏமாற்றுகிற விஷயம். அஸ்திவாரத்துக்கோ குழாய்க்கோ தோண்டிய பள்ளத்தின் சுவர் செங்குத்தாக, கெட்டியாக நிற்கிறது. நேற்றும் நின்றது. ஆனால் ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை முதல் இரண்டு டன் எடை. ஒரு சிறிய காரின் எடை அது. நெஞ்சு வரை புதைந்தவருக்கு முகம் வெளியே இருந்தாலும் ஆபத்துதான். மண் நெஞ்சை நெருக்குவதால், ஒவ்வொரு முறை மூச்சை விட்ட பிறகும் மறுபடி இழுக்க இடம் குறைந்துகொண்டே போகும். அமெரிக்க விதிப்படி 5 அடி, அதாவது ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குமேல் போனால், முழுக்கக் கெட்டிப் பாறையாக இருந்தாலொழிய, பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும் அல்லது முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 2 அடியாவது தள்ளிக் கொட்ட வேண்டும். மழை பெய்த மறுநாள் பள்ளத்தை மறுபடி சோதிக்காமல் யாரையும் இறக்கக் கூடாது. இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. இருந்தும், "பத்து நிமிட வேலைதானே" என்ற ஒரே காரணத்தால்தான் தவிர்க்கிறார்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று மட்டும். மேலே போகும் உயர் அழுத்தக் கம்பியை கிரேன் தொட வேண்டிய அவசியமே இல்லை, போதிய அளவு நெருங்கினாலே மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பாயும்.

ஹெல்மெட் ஏன் கடைசி

பாதுகாப்பு என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது ஹெல்மெட்டும் பெல்ட்டும். துறையில் இருப்பவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். முதலில் ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார். இரும்புச் சட்டத்தை மேலே நின்று பொருத்துவதற்குப் பதிலாகத் தரையிலேயே பொருத்தி கிரேனில் தூக்க முடியுமா? முடியாவிட்டால், ஆபத்து குறைந்த வேறு முறை உண்டா? அதுவும் இல்லையென்றால் கைப்பிடிக் கம்பி, வலை, மூடி போன்ற தடுப்புகள். அதற்குப் பிறகுதான் பயிற்சி, அனுமதிச் சீட்டு, எச்சரிக்கைப் பலகை. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஹெல்மெட், பெல்ட். ஏனென்றால் மேலே உள்ளவை யாருடைய ஞாபகத்தையும் நம்பியிருப்பதில்லை. கீழே போகப் போக, ஒவ்வொரு தொழிலாளியும் ஒவ்வொரு நிமிடமும் தவறாமல் நடந்துகொள்ள வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் கட்டியபோது பாலத்துக்குக் கீழே நீளமாக வலை கட்டினார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய செலவு. வலை 19 பேரைக் காப்பாற்றியது. அதே வலைதான் 1937 பிப்ரவரியில் பல டன் எடையுள்ள ஒரு சாரமேடை அறுந்து விழுந்தபோது கிழிந்துபோய், 10 பேர் இறந்தார்கள். மனிதர்கள் விழுவதை மனதில் வைத்துக் கட்டிய வலை மேடையைத் தாங்காது. தடுப்பு எதைத் தாங்க வேண்டும் என்பதை முன்கூட்டிக் கணக்குப் போட வேண்டியவர் வடிவமைப்பாளர், மேலே நிற்கும் தொழிலாளி அல்ல.

பெல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு முழுக்கக் கட்டும் ஹார்னஸ், அதிலிருந்து 1.8 மீட்டர் கயிறு, விழும்போது அதிர்ச்சியைக் குறைக்கப் பிரிந்து நீளும் ஒரு பட்டை. கயிறு 1.8 மீட்டர், பட்டை நீள்வது ஒரு மீட்டருக்குச் சற்று மேல், முதுகுக் கொக்கியிலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர், கொஞ்சம் மிச்ச இடைவெளி. கூட்டினால், கொக்கியை மாட்டிய இடத்துக்குக் கீழே ஐந்து மீட்டர் அளவுக்கு இடம் வேண்டும். கொக்கியைக் காலடியில் மாட்டினால் அவ்வளவு இடமும் காலடிக்குக் கீழேயே வேண்டும். அதாவது 4 மீட்டர் உயரத்தில் நிற்பவர் இந்த வகை பெல்ட்டைப் போட்டிருந்தாலும், கொக்கி காலடியில் இருந்தால், கயிறு முழுக்க இழுத்துப் பிடிப்பதற்குள் தரையில் இருப்பார். எல்லாம் சரியாக நடந்து அந்தரத்தில் தொங்கினாலும் சீக்கிரம் இறக்க ஏற்பாடு இருக்க வேண்டும். அசையாமல் தொங்குபவரின் கால்களில் ரத்தம் தேங்கி, கொஞ்ச நேரத்திலேயே மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். "பெல்ட் கொடுத்தோம், அவர் போடவில்லை" என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: கொக்கியை மாட்ட எங்கே இடம் வைத்திருந்தீர்கள்?

இதைச் சொல்லும்போது இன்னொன்று. வாசலில் "விபத்தின்றி இத்தனை நாட்கள்" என்று எண்ணிக்கைப் பலகை வைக்கிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அந்த எண்ணைக் கெடுக்க யாருக்கும் மனம் வராது. சின்னக் காயங்களை மறைத்துவிடுவார்கள், பெரிய விபத்துக்கு முன்னால் வந்த அடையாளங்கள் எந்தப் பதிவிலும் இருக்காது.

"தெரிந்துதானே வந்தார்?"

இனி சட்டத்துக்கு வருவோம். இப்போது சாதாரணமாகத் தோன்றும் உரிமைகள் எங்கிருந்து தொடங்கின என்று பார்த்தால்தான் அவற்றின் அருமை தெரியும்.

1837இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கசாப்புக் கடையில் வேலை பார்த்த பையன், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய வண்டி உடைந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, முதலாளி மீது வழக்குப் போட்டான். ஜூரி 100 பவுண்டு தரச் சொன்னது. நீதிபதிகள் அதை மாற்றிவிட்டார்கள். இதை அனுமதித்தால் எந்த முதலாளியும் எதற்கும் பொறுப்பேற்க வேண்டி வரும் என்பது அவர்களின் கவலை. 1842இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், பாதை மாற்றும் ஊழியர் செய்த தவறால் ரயில் தடம் புரண்டு கையை இழந்த ஓட்டுநருக்கும் இதே கதி. ஆபத்துக்கும் சேர்த்துத்தான் உங்கள் சம்பளம் நிர்ணயமாகியிருக்கிறது என்றது நீதிமன்றம்.

இப்படியாக முதலாளிகளிடம் மூன்று கேடயங்கள் சேர்ந்தன. கூட வேலை செய்தவரின் தவறால் அடிபட்டால் முதலாளி பொறுப்பல்ல. ஆபத்து தெரிந்தே வேலைக்கு வந்தால் முதலாளி பொறுப்பல்ல. அடிபட்டவர் பக்கம் கொஞ்சமாவது கவனக்குறைவு இருந்தால் ஒரு காசும் கிடையாது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நம் சித்தாளின் கதைக்குத் திரும்பிப் பாருங்கள். தவறு செய்தது முதலாளி அல்ல, அதே தளத்தில் வேலை செய்த பிளம்பர். தளத்தில் ஓட்டைகள் இருக்கும் என்பது தெரிந்ததுதான். பார்த்து நடந்திருக்கலாம். வழக்கு தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். அன்று அந்த இடத்தில் எழுந்த வாதங்கள் பலவும் ஒரு காலத்தில் நிஜமான சட்டமாகவே இருந்தவை. சட்டத்திலிருந்து போய்விட்டன, பேச்சிலிருந்து மட்டும் போகவில்லை.

உடைப்பு வந்தது ஒரு கட்டுமான வழக்கில். ரயில்பாதைக்காகப் பாறையைத் துளைத்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியின் தலைக்கு மேலாக கிரேன் கற்களைத் தூக்கிச் சென்றுகொண்டிருந்தது. யாரும் எச்சரிக்கை கொடுப்பதில்லை. கல் விழுந்து அவருக்குக் காயம். ஆபத்து இருப்பது அவருக்குத் தெரியும், கூட வேலை செய்பவர்கள் அதைப் பற்றிப் புகாரும் சொல்லியிருந்தார்கள். 1891இல் இங்கிலாந்தின் உச்சநிலை மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆபத்து இருப்பது தெரிவது வேறு, அந்த ஆபத்தை ஏற்கச் சம்மதிப்பது வேறு என்பதுதான் தீர்ப்பின் சாரம். வயிற்றுப்பாட்டுக்காக வேலையை விடாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதற்குள் வேறொரு வழியும் பிறந்திருந்தது. பிஸ்மார்க் ஆட்சியில் ஜெர்மனி 1884இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டன் 1897இல் பின்தொடர்ந்தது. இந்தியாவில் 1923இல், இலங்கையில் 1934இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்கள் வந்தன. இவற்றின் அடிப்படை ஒரு பேரம். தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டாம், வேலையின்போது வேலை காரணமாக அடிபட்டது என்று காட்டினால் போதும், இழப்பீடு உண்டு. பதிலுக்கு, தொகை ஒரு சூத்திரப்படி வரையறுக்கப்பட்டதாக இருக்கும். பல நாடுகளில் அதை வாங்கிய பிறகு பெரிய தொகை கேட்டுத் தனியாக வழக்குப் போட முடியாது, சில நாடுகளில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பிரிட்டனின் 1897 சட்டத்தில் ஒரு வேடிக்கையான வரம்பு இருந்தது. சாரம் கட்டி வேலை செய்யும் கட்டடம் 30 அடிக்கு மேல் உயரமாக இருந்தால்தான் செல்லும். 29 அடியிலிருந்து விழுந்தவர் என்ன பாவம் செய்தார் என்று தெரியவில்லை. 1906இல் சட்டத்தை ஏறக்குறைய எல்லா வேலைகளுக்கும் விரித்தார்கள்.

ஒப்படைத்தால் பொறுப்பும் போய்விடுமா?

இனி நம் உரிமையாளரும் காண்ட்ராக்டரும் சொன்ன வாதம். "நான் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன்." இன்றும் அதிகம் சண்டை நடப்பது இங்கேதான்.

1937இல் ஒரு ஸ்காட்லாந்துச் சுரங்க வழக்கு இதற்குப் பதில் சொன்னது. சுரங்கத்தை நடத்தத் தகுதியுள்ள மேலாளரை நியமித்துவிட்டோம், எங்கள் கடமை அத்தோடு முடிந்தது என்றது நிறுவனம். நீதிமன்றம் மறுத்தது. தகுதியான ஆட்கள், சரியான கருவிகள், பாதுகாப்பான வேலை முறையும் அதற்கான மேற்பார்வையும்: இவற்றைத் தருவது முதலாளியின் சொந்தக் கடமை. அந்த வேலையைச் செய்ய யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அவர் செய்யாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளியே.

1950களின் தொடக்கத்தில், ஜன்னல் கண்ணாடி துடைப்பவர் ஒருவர் மூன்றாம் நபரின் கட்டடத்தில் விழுந்து அடிபட்ட வழக்கு வந்தது. ஜன்னல் சட்டம் சரிந்து கையில் விழ, அவர் பிடி நழுவிக் கீழே விழுந்தார். அனுபவசாலிதானே, எப்படி ஜாக்கிரதையாக இருப்பது என்பது அவருக்கே தெரியும் என்றது முதலாளி தரப்பு. நீதிபதிகளில் ஒருவரின் பதில் இன்றும் பேசப்படுகிறது. நிபுணர்களின் ஆலோசனையோடு அமைதியான அறையில் உட்கார்ந்து முடிவெடுப்பவர் முதலாளி, குறுகலான ஜன்னல் விளிம்பில் நின்று முடிவெடுப்பவர் தொழிலாளி, இரண்டு பேரிடமும் ஒரே அளவு யோசனையை எதிர்பார்க்கக் கூடாது என்றார். இந்தத் துறை முழுவதற்கும் இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

கட்டுமானத்தில் சிக்கல் அதிகம். ஒரே இடத்தில் பத்து நிறுவனங்களின் ஆட்கள். கம்பி கட்டுபவர் ஒரு நிறுவனம், சென்ட்ரிங் ஒரு நிறுவனம், மின்சாரம் இன்னொன்று. அவரவர் தம் ஆட்களைப் பார்த்துக்கொண்டாலும் ஒருவரின் வேலை இன்னொருவருக்கு ஆபத்தாக மாறும் இடத்தை யார் பார்ப்பது? பலகையை நகர்த்திய பிளம்பருக்கும் சட்டியோடு வந்தவருக்கும் நடுவில் இருந்த இடைவெளி அதுதான். அதனால்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1988இல் கட்டுமானத்துக்கென்றே உருவாக்கிய 167ஆம் உடன்படிக்கை, ஒரே தளத்தில் பல முதலாளிகள் இருந்தால் பாதுகாப்பை ஒருங்கிணைக்கும் பொறுப்பு முதன்மை ஒப்பந்ததாரருக்கு என்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால் தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது.

இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகம் 1992இல் இன்னும் ஒரு படி மேலே போனது. கட்டுமான விபத்துகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், வேலை தொடங்கும் முன்பே எடுத்த மோசமான வடிவமைப்பு முடிவுகளுக்கும் திட்டமிடலுக்கும் பங்கு உண்டு என்று அந்த விதியின் முன்னுரையிலேயே எழுதி, வரைபடக் கட்டத்திலிருந்தே பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டியதை உரிமையாளர் தரப்பின் கடமையாக்கியது. நியூயார்க் மாநிலத்தில் 1885 முதலே சாரச் சட்டம் ஒன்று உண்டு. உயரம் தொடர்பான விபத்தில் சரியான பாதுகாப்புக் கருவி தரப்படவில்லை என்றால் ஒப்பந்ததாரரும் கட்டட உரிமையாளரும் பொறுப்பு, தொழிலாளியின் கவனக்குறைவைக் காட்டித் தொகையைக் குறைக்கக்கூட முடியாது. தன் சொந்த வீட்டைக் கட்டுபவர், வேலையைத் தானே நின்று நடத்தாதவரை, இதில் விலக்குப் பெறுவார். அதிகாரத்தைக் கையில் எடுத்தால் பொறுப்பும் கூட வரும் என்பதற்கு இந்த விலக்கே நல்ல எடுத்துக்காட்டு.

மேலே எடுத்த முடிவு கீழே இருப்பவர்களை எப்படிக் கொல்கிறது என்பதற்கு 1978இல் மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில் நடந்ததைச் சொல்லலாம். மின் நிலையத்துக்கான குளிர்விப்புக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. சாரத்துக்குத் தரையிலிருந்து தாங்கல் கிடையாது. ஏற்கெனவே போட்ட கான்கிரீட்டிலேயே அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். முதல் நாள் போட்ட கான்கிரீட் இறுகிப் போதிய பலம் பெறுவதற்குள் மறுநாள் வேலையை ஏற்றினார்கள். மேல் வளையம் உரிந்து வந்தது. சாரத்தில் இருந்த 51 பேரும் இறந்தார்கள். அந்த 51 பேரில் ஒருவர்கூட அன்று தவறாக எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கவனமாக இருந்திருந்தாலும் இறந்திருப்பார்கள்.

தொழிலாளியின் தவறு எவ்வளவு எண்ணப்படும்

அதற்காகத் தொழிலாளி என்ன செய்தாலும் சரி என்று அர்த்தமில்லை. இன்று பெரும்பாலான சட்ட முறைகளில், அலட்சிய வழக்கில் இரு தரப்புத் தவறையும் எடை போட்டுத் தொகையைக் குறைப்பார்கள். பிரிட்டனில் 1945 சட்டத்துக்குப் பிறகு இதுதான் முறை. இழப்பீட்டுச் சட்டத்தின்படி கேட்டால், குடிபோதையில் வந்தது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றி எறிந்தது போன்றவை இருந்தாலொழியப் பொதுவாகத் தவறு பேசப்படுவதில்லை.

முதலாளி தவறு செய்திருந்தும் வழக்குத் தோற்றதும் உண்டு. இரும்புக் கோபுரம் எழுப்பும் தொழிலாளி ஒருவர் விழுந்து இறந்தார். சில நாட்களுக்கு முன்தான் பாதுகாப்பு பெல்ட்டுகளை வேறு தளத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அதாவது கொடுக்கவே இல்லை. ஆனால் அவர் அதற்கு முன்பு பெல்ட் இருந்தபோதும் கிட்டத்தட்ட எப்போதும் அணிந்ததில்லை என்று சாட்சியம் வந்தது. கொடுத்திருந்தாலும் போட்டிருக்க மாட்டார், ஆகவே கொடுக்காதது மரணத்துக்குக் காரணம் ஆகாது என்று 1962இல் தீர்ப்பு. தர்க்கம் புரிகிறது, மனம் ஒப்பவில்லை. பெல்ட்டை அணியாமல் வேலை செய்ய விட்டதும் மேற்பார்வைக் குறைவுதானே என்ற கேள்வி அதில் நிற்கிறது. பிற்காலச் சட்டங்கள் பலவும் கருவியைக் கொடுத்தால் மட்டும் போதாது, பயன்படுத்தப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கின்றன.

எவ்வளவு செலவு செய்ய வேண்டும் என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஒரு பக்கம் ஆபத்தின் அளவு, மறு பக்கம் அதைத் தவிர்க்க ஆகும் பணம், நேரம், சிரமம். சிரமம் ஆபத்தைவிட மிக மிக அதிகம் என்று காட்டினால்தான் செய்யாமல் விட்டது நியாயம் என்று 1949இல் ஓர் ஆங்கிலேய நீதிமன்றம் சொன்னது. பலகையில் நான்கு ஆணி அடிக்கும் செலவை இந்தத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டியதே இல்லை.

மரணத்துக்கான குற்ற வழக்கில் அளவுகோல் பொதுவாகக் கடுமையாக இருக்கும். சாதாரணக் கவனக்குறைவு போதாது, அப்பட்டமான அலட்சியம் வேண்டும். பெரிய நிறுவனங்களில் யார் மனதில் அந்த அலட்சியம் இருந்தது என்று விரல் நீட்ட முடியாமல் வழக்குகள் விழுந்துகொண்டே இருந்தன. அதனால் பிரிட்டன் 2007இல் நிறுவனத்தையே குற்றவாளியாக்கும் சட்டம் கொண்டுவந்தது. அதன்கீழ் முதல் தண்டனை 2011இல். மூன்றரை மீட்டர் ஆழ ஆய்வுக் குழிக்குள் முட்டுக் கொடுக்காமல் இளம் நிலவியலாளர் ஒருவரை இறங்க விட்டது ஒரு சிறு நிறுவனம். குழி சரிந்து அவர் இறந்தார். அபராதம் 3,85,000 பவுண்டு.

விபத்து நடந்துவிட்டால்

சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆதாரம் இல்லாவிட்டால் பயனில்லை. கட்டுமான இடத்தில் ஆதாரம் ஒரே இரவில் மறைந்துவிடும். மறுநாள் காலை ஓட்டையில் புதுப் பலகை, நான்கு ஆணியோடு. யாரும் சதி செய்ய வேண்டியதில்லை, வேலை நடந்தாக வேண்டும் என்பதே போதும். ஆகவே அடிபட்டவரை மருத்துவமனைக்கு அனுப்பிய கையோடு யாராவது ஒருவர் அந்த இடத்தைப் படமெடுத்து வைக்க வேண்டும். கிட்டத்தில் ஒன்று, தூரத்திலிருந்து ஒன்று. கூட இருந்தவர்களின் பெயரும் தொடர்பு எண்ணும் வேண்டும். அவர்கள் வேறு தளத்துக்குப் போய்விட்டால் பிறகு கண்டுபிடிப்பது கடினம்.

மருத்துவமனையில் முதலில் எழுதும் குறிப்பு முக்கியமானது. "வேலை செய்த இடத்தில் உயரத்திலிருந்து விழுந்தார்" என்று அதில் இருக்க வேண்டும். அழைத்து வந்த சூப்பர்வைசர் "வழுக்கி விழுந்தார்" என்றோ "சாலை விபத்து" என்றோ சொல்லிவிட்டால், பிற்பாடு அதை மாற்ற வருடக்கணக்கில் அலைய வேண்டி வரும். உள்ளே வலி, தலைசுற்றல் என்று எது இருந்தாலும் அன்றே சொல்லிப் பதிவு செய்துவிடுவது நல்லது.

வெற்றுத் தாளிலோ புரியாத மொழியில் எழுதிய தாளிலோ கையெழுத்துப் போடக் கூடாது. உடனடிச் செலவுக்கென்று தரும் பணத்தை வாங்குவதில் தவறில்லை. ஆனால் "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற வரி அந்த ரசீதில் இருக்கிறதா என்று படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துப் பார்க்க வேண்டும். பல நாடுகளில் இழப்பீட்டு உரிமையை இப்படி எழுதி வாங்குவதே செல்லாது. இருந்தாலும் போட்ட கையெழுத்தை வைத்துப் பயமுறுத்துவார்கள்.

விபத்தை முதலாளிக்கு எழுத்தில் தெரிவிப்பதற்கும் கோரிக்கை தாக்கல் செய்வதற்கும் கெடு உண்டு. நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் மிகக் குறுகியது. தொழிற்சங்கமோ சட்ட உதவி மையமோ இருந்தால் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. இழப்பீடு பெரும்பாலும் மாதச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும். நாள்கூலியைக் கையில் வாங்கிக்கொள்பவருக்கு, தான் அங்கே வேலை பார்த்தேன் என்பதையும் எவ்வளவு வாங்கினேன் என்பதையும் காட்டுவதே முதல் தடை. வருகைச் சீட்டு, நுழைவு அட்டை, பணம் வந்த வங்கிக் குறுஞ்செய்தி, மேஸ்திரி நாளைக்கு எந்தத் தளத்துக்கு வரச் சொன்னார் என்ற வாட்ஸ்ஆப் செய்தி, எதுவானாலும் அழிக்காமல் வைத்திருந்தால் உதவும்.